தானமாக வந்த எலும்பில் வைரஸை அழிப்பது எப்படி: பெராசிட்டிக் அமில முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படும் தொடை எலும்பின் தலை குப்பைக்குப் போக வேண்டியதில்லை. எலும்புக் கட்டியைச் சுரண்டி எடுத்த பள்ளத்தை நிரப்பவும், முதுகெலும்புகளை ஒன்றோடு ஒன்று இணைக்கவும், பழைய செயற்கை மூட்டைக் கழற்றிப் புதிது பொருத்தும்போது கரைந்துபோன இடத்தைச் சரிசெய்யவும் அது உதவும். இறந்தபின் தானமாகக் கிடைக்கும் எலும்புகளும் அப்படித்தான். ஆனால் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகும் எதுவும் வைரஸையும் கூடவே கொண்டுபோகலாம். அதைத் தடுக்கத் திசு வங்கிகள் (தானத் திசுக்களைப் பக்குவப்படுத்திச் சேமித்துத் தரும் அமைப்புகள்) செய்யும் ரசாயனக் கிருமி நீக்கத்தைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

திசு வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆர்த்தோ படிக்கும் மருத்துவர்கள், "உங்களுக்கு வேறொருவர் எலும்பு வைக்கப்போகிறோம்" என்று கேட்டுக் கலங்கி நிற்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். முறைகள் பல உண்டு. நான் எடுத்துக்கொள்வது பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் திசு வங்கியில் 1980-களிலிருந்து வளர்ந்த பெராசிட்டிக் அமிலம், எத்தனால் (சாராயம்) முறை. எப்படிச் செய்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்ற இரண்டும் ஆய்விதழ்களில் விரிவாக வந்திருக்கின்றன என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு ஒரு வங்கியைத் தொடங்க முடியாது. அதற்கு உரிமமும் பயிற்சியும், அந்தந்த வங்கியே நடத்திய சோதனை முடிவுகளும் வேண்டும். ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது இங்கே புரிந்தால் போதும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரசாயனம், எத்தனை சதவீதம்?" என்பதுதான். எலும்புக்குள் அது எவ்வளவு தூரம் போகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

1985-ல் நடந்தது

அமெரிக்காவில் 1985-ல் ஓர் இளைஞர் துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் இறந்தார். அவர் உறுப்புகளும் திசுக்களும் தானமாக எடுக்கப்பட்டன. எச்.ஐ.வி. ஆன்டிபாடி (தொற்றை எதிர்த்து உடம்பு உருவாக்கும் புரதம்) பரிசோதனை அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதைச் செய்தார்கள், நெகட்டிவ் என்று வந்தது. உண்மையில் அவருக்குத் தொற்று இருந்தது. ஆன்டிபாடி உருவாவதற்கு முன்பே இறந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து இது தெரியவந்தபோது, அவரிடமிருந்து எடுக்கப்பட்ட 58 உறுப்புகளும் திசுக்களும் யார் யாருக்குப் போயின என்று தேடினார்கள். 48 பேர் அடையாளம் காணப்பட்டு, 41 பேருக்குப் பரிசோதனை நடந்தது. 1992-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

உறுப்பு பெற்ற 4 பேருக்கும் எச்.ஐ.வி. வந்திருந்தது. எந்தப் பக்குவமும் செய்யாமல் உறையவைத்த எலும்பைப் பெற்ற 3 பேருக்கும் வந்திருந்தது. மற்ற 34 பேருக்கு வரவில்லை. அந்த 34 பேரில் 25 பேர் பெற்றது எத்தனாலில் பக்குவப்படுத்திய எலும்பு. ஒருவர் பெற்றது ரசாயனம் எதுவும் படாத, உறையவைத்த எலும்புதான். ஆனால் அதிலிருந்து மஜ்ஜையை மட்டும் அகற்றியிருந்தார்கள்.

அந்த ஒருவரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். கெட்டியான எலும்புச் சுவரைவிட மஜ்ஜையிலும் ரத்தத்திலும்தான் ஆபத்து அதிகம். அவற்றை முதலில் வெளியேற்றிவிட்டால் ரசாயனத்தின் வேலை பாதியாகக் குறையும்.

ஏன் இந்த ரசாயனம்?

திசுவைக் கிருமி நீக்கம் செய்வது கத்திரிக்கோலைக் கிருமி நீக்கம் செய்வதுபோல் அல்ல. வைரஸ் சாக வேண்டும், எலும்பின் கொலாஜன் (அதற்குப் பிடிமானம் தரும் இழைப் புரதம்) கெடக்கூடாது, நஞ்சு எதுவும் தங்கக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து அமைவதுதான் கடினம்.

எத்திலீன் ஆக்சைடு வாயு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. முழங்கால் தசைநார் ஒட்டுகளில் (கிழிந்ததற்குப் பதிலாக வைக்கும் தானத் திசு) அதன் எச்சங்கள் தங்கி, மூட்டின் உள்சவ்வில் அழற்சியை உண்டாக்கின என்று 1990-ல் ஆய்வு வந்தபின் அதன் மீதிருந்த நம்பிக்கை குறைந்தது. குளூட்டரால்டிஹைடு வைரஸைக் கொல்லும். கூடவே கொலாஜன் இழைகளையும் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்டுவிடுவதால், உடம்பு அந்த எலும்பை மெல்லத் தின்று தன் எலும்பை வளர்ப்பது நடக்காமல் போகிறது. காமா கதிர்வீச்சு நல்ல வழி. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி அந்த வழியில்தான் பல ஆண்டுகளாக இயங்குகிறது. வழக்கமான அளவு 25 கிலோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உறைந்த எலும்பில் எச்.ஐ.வி.யை முழுமையாக அழிக்க அதைவிடக் கூடுதல் தேவைப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அளவைக் கூட்டினால் எலும்பின் வலு குறைகிறது.

பெராசிட்டிக் அமிலம் ஒரு கடுமையான ஆக்சிஜனேற்றி. வைரஸின் புரதங்களில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்து, மரபுப் பொருளையும் தாக்குகிறது. கொழுப்புறை கொண்ட எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் மட்டுமல்லாமல், உறையில்லாத முரட்டு வைரஸ்களையும் அது தாக்கும். சாராயம் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இந்த உறையில்லாத ரகம்தான். ஹெபடைடிஸ் ஏ, பார்வோ போன்ற வைரஸ்கள் சாராயத்துக்கு எளிதில் மசியாது. வேலை முடிந்ததும் பெராசிட்டிக் அமிலம் அசிட்டிக் அமிலமாகவும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடுகிறது. திசுவில் விட்டுச்செல்லும் எச்சம் சொற்பம். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

படி 1: கொடையாளர்

ரசாயனம் கடைசி அரண். முதல் அரண் கொடையாளரின் வரலாறு. குடும்பத்தாரிடம் பேச வேண்டும். ஊசி போதைப் பழக்கம், சமீபத்தில் வந்த மஞ்சள் காமாலை, காரணம் தெரியாத மூளை நோய், புற்றுநோய், பரவிய கிருமித்தொற்று என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பது சுலபமில்லை. அதற்கென்று பயிற்சி பெற்றவரே கேட்பது நல்லது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ். ஆன்டிபாடி சோதனையோடு, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் நேட் சோதனையும் செய்தால் விண்டோ பீரியட் (தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத காலம்) பெரிதும் சுருங்கும். ஹெபடைடிஸ் சி-யில் ஆன்டிபாடி தெரிய ஏறத்தாழ 2 மாதத்துக்கு மேலும் ஆகலாம். நேட் ஓரிரு வாரங்களில் காட்டிவிடும். அந்த ஓரிரு வாரங்கள் எந்தச் சோதனைக்கும் அகப்படுவதில்லை. ரசாயனக் கிருமி நீக்கம் வேண்டியிருப்பதே அந்த நாட்களுக்காகத்தான்.

இறந்தவரின் ரத்தத்தில் இன்னொரு கவனம் வேண்டும். சாவதற்கு முன் நிறைய ரத்தமோ சலைனோ ஏற்றியிருந்தால், அவருடைய ரத்தம் நீர்த்துப்போயிருக்கும். சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி கிடைக்கிறதா என்று தேட வேண்டும். கிடைக்காவிட்டால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தத் தானத்தை ஏற்கக்கூடாது.

உயிரோடு இருக்கும் கொடையாளர் என்றால், எலும்பை உறையவைத்துப் பூட்டிவைத்து, 180 நாள் கழித்து அவரை மறுபடி வரவழைத்து ரத்தம் பார்ப்பது பழைய, நல்ல வழக்கம். முதல் நாளிலேயே நேட் செய்திருந்தால் பல நாடுகளில் இதற்கு விலக்கு உண்டு.

படி 2: எடுத்தல், உறைநிலை

கிருமியற்ற முறையில் எடுக்கப்பட்டு, அன்றே கிருமிச் சோதனைக்குப் பஞ்சால் தடவி மாதிரி எடுத்து, இரட்டை உறையிட்டு, மைனஸ் 70 டிகிரி அல்லது அதற்கும் கீழே வைக்கப்படும். உறையவைப்பது வைரஸைக் கொல்லாது, பத்திரமாகப் பாதுகாத்துவைக்கும். குளிரில் வைத்தாலே கிருமி செத்துவிடும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது.

படி 3: சுரண்டி, அறுத்து, அலசுதல்

தசை, எலும்பின் மேலுறை, குருத்தெலும்பு எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பிறகு தேவையான வடிவங்களுக்கு அறுக்க வேண்டும். ஷாரிட்டே முறை 15 மி.மீ. வரை தடிமனுள்ள துண்டுகளுக்குச் சோதிக்கப்பட்டது. தொடை எலும்பின் தலையை முழுதாகத் திரவத்தில் போட்டுவிட்டு "கிருமி நீக்கம் ஆகிவிட்டது" என்று சொல்வதற்கு இந்தச் சோதனை ஆதரவு தராது. துண்டுகளை அழுத்தமான நீர்த்தாரையால் அலச வேண்டும். பஞ்சுபோன்ற உள்ளெலும்பின் துளைகளிலிருந்து மஜ்ஜையும் ரத்தமும் வெளியேறி, துண்டு வெளிறிய நிறத்துக்கு வரும்வரை அலசுவதை நிறுத்தக்கூடாது.

இந்தப் படியில் அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மிச்சமிருக்கும் ரத்தப் புரதம் பெராசிட்டிக் அமிலத்தோடு வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் வைரஸுக்கு எட்டும் முன்பே அமிலம் நீர்த்துப்போகும்.

படி 4: கொழுப்பு நீக்கம்

எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் திரண்டு ஓடிவிடும், ஒட்டாது. கொழுப்புள்ள எலும்பில் நீர்க்கரைசலும் அதையேதான் செய்யும். முதியவர்களின் தொடை எலும்புத் தலையில் மஜ்ஜை பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பாக மாறியிருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

பெர்லினில் குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு கலந்த கரைப்பானில் 2 மணி நேரம் வைத்தார்கள். வேறு வங்கிகள் அசிட்டோன் பயன்படுத்துகின்றன. எதுவானாலும் புகைபோக்கி அறைக்குள்தான் செய்ய வேண்டும். குளோரோஃபார்ம் கல்லீரலைக் கெடுக்கும், மெத்தனால் கண் பார்வையைப் பறிக்கும். பிறகு கரைப்பான் முழுவதும் ஆவியாகிப் போகும்படி உலர்த்தி, நன்றாக அலச வேண்டும்.

இந்தப் படி வெறும் முன்னேற்பாடு அல்ல என்பதைச் சோதனையே காட்டியது. கொழுப்பு நீக்காத எலும்பில் பெராசிட்டிக் அமிலத்தைச் சோதித்தபோது, எச்.ஐ.வி. உட்படப் பெரும்பாலான வைரஸ்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தன. ஹெபடைடிஸ் ஏ மட்டும் பிடிவாதமாக நின்றது. அதன் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவே குறைந்தது. கொழுப்பு நீக்கத்தையும் சேர்த்துச் செய்தபோது அதுவும் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. அமிலத்தின் சதவீதத்தை ஏற்றாமலேயே இது முடிந்தது.

படி 5: அமிலக் குளியல்

கலவை: 2 சதவீத பெராசிட்டிக் அமிலம் 2 பங்கு, 96 சதவீத எத்தனால் 1 பங்கு, ஊசி மருந்துத் தரத் தண்ணீர் 1 பங்கு. 10 லிட்டர் வேண்டுமென்றால் 5, 2.5, 2.5 லிட்டர். முடிவில் கிடைப்பது 1 சதவீத பெராசிட்டிக் அமிலமும் 24 சதவீத எத்தனாலும். 24 சதவீத எத்தனால் தன்னளவில் பெரிய கிருமிக்கொல்லி இல்லை. திரவத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எலும்பின் நுண்துளைகளுக்குள் அது நுழைய வழிவிடுகிறது.

கலவையை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். பெராசிட்டிக் அமிலம் நின்றுகொண்டே சிதையும். குப்பியில் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பாமல், பயன்படுத்தும் முன் டைட்ரேஷன் (வேறொரு கரைசலைச் சேர்த்துச் செறிவை அளக்கும் சோதனை) செய்து உண்மையான செறிவைப் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். குளியல் முடிந்தபின் மிச்சத் திரவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செறிவு எதிர்பாராத அளவுக்கு இறங்கியிருந்தால், எலும்பு சரியாகச் சுத்தமாகவில்லை என்று அர்த்தம்.

துண்டுகள் முழுவதும் மூழ்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடையக்கூடாது. பாத்திரத்தை மூடி, அழுத்தத்தை 200 மில்லிபாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு) இறக்க வேண்டும். இதன் காரணம் எளிது. எலும்பின் துளைகளில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும், குமிழி இருக்கும் இடத்தில் திரவம் இருக்காது. அழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து வெளியேறும், அந்த இடத்தைத் திரவம் பிடித்துக்கொள்ளும். அறை வெப்பத்தில், தொடர்ந்து அசைத்துக்கொண்டே 4 மணி நேரம் வைக்க வேண்டும். திரவத்தில் மிதக்கும் வைரஸ்கள் சில நிமிடங்களிலேயே செத்துவிடுகின்றன. எலும்பின் நடுப்பகுதிக்கு அமிலம் போய்ச் சேருவதற்குத்தான் இத்தனை மணி நேரம்.

பெராசிட்டிக் அமில ஆவி கண்ணையும் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். வினிகர்போல் நெடியடித்தாலே காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முகக் கவசம், கண்ணாடி, ரசாயனம் தாங்கும் கையுறை, பக்கத்திலேயே கண் கழுவும் குழாய் ஆகியவை கட்டாயம். பாத்திரம் நல்ல துருவேறா எஃகாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். பித்தளையும் செம்பும் கூடாது. எத்தனால் கலந்திருப்பதால் தீப்பொறி எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

படி 6: கழுவி எடுத்தல்

கிருமியற்ற அறைக்குள், கிருமியற்ற தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். கடைசி அலசல் நீரில் பெராக்சைடு சோதனைப் பட்டையை வைத்துப் பார்த்து, எச்சம் வரையறைக்குள் வரும்வரை நிறுத்தக்கூடாது. இதற்குப் பிறகு திறந்த சூழலில் எதுவும் செய்யக்கூடாது, ஏனென்றால் இனிமேல் ஏறும் கிருமியைக் கொல்ல வேறு படி இல்லை.

படி 7: உறைநிலையில் உலர்த்தி, உறையிடுதல்

எலும்பை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி, மிச்ச ஈரத்தை ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரட்டை உறையில் மூடினால் அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் ஆழ்குளிர்ப் பெட்டியை நம்பியிருக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. உலர்ந்த எலும்பு நொறுங்கும் தன்மை கொண்டது. அறுவை சிகிச்சைக்கு முன் சலைனில் ஊறவைத்தே பயன்படுத்த வேண்டும்.

வைரஸ் செத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

உறையிட்ட எலும்பில் பாக்டீரியா இருக்கிறதா என்று மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கலாம். வைரஸுக்கு அப்படி ஒவ்வொரு துண்டையும் சோதித்து உறுதி சொல்ல வழியில்லை. ஆகவே நம்பிக்கை முழுவதும் செய்முறையின் மீதே நிற்கிறது. செய்முறை வைரஸைக் கொல்லும் என்று முன்கூட்டியே நிரூபித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே செறிவு, அதே அழுத்தம், அதே நேரம் என்று பதிவேட்டில் காட்ட வேண்டும்.

நிரூபிக்கும் விதம் இதுதான். எலும்புத் துண்டுகளில் வேண்டுமென்றே பெருமளவு வைரஸை ஏற்றி, அதே குளியலைக் கொடுத்து, எவ்வளவு உயிரோடு மிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். எல்லா வைரஸையும் ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. எனவே மாதிரிக்கு உறவுக்கார வைரஸ்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்குப் பதில் மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ், மனிதப் பார்வோவுக்குப் பதில் பன்றிப் பார்வோ வைரஸ், ஹெர்ப்பிஸ் குடும்பத்துக்குப் பன்றிகளின் போலி ரேபிஸ் வைரஸ், இவற்றோடு எச்.ஐ.வி., போலியோ, ஹெபடைடிஸ் ஏ. உறையுள்ளது, உறையில்லாதது, ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. என்று எல்லா ரகமும் இந்தப் பட்டியலில் வந்துவிட வேண்டும்.

கணக்கு லாக் அளவில் சொல்லப்படும். 1 லாக் என்றால் பத்தில் ஒன்று மிஞ்சியது, 4 லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. பொதுவாக 4 லாக் அல்லது அதற்கு மேல் குறைந்தால் அந்தப் படி பயனுள்ளது என்று ஏற்கிறார்கள். சோதனை மோசமான சூழலில் நடக்க வேண்டும்: இருப்பதிலேயே தடிமனான துண்டு, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சச் செறிவு, குறைந்தபட்ச நேரம். மாதிரி எடுத்ததும் அமிலத்தைச் செயலிழக்க வைக்காவிட்டால் அது சோதனைக் குழாயிலும் வைரஸைக் கொன்றுகொண்டே இருக்கும், முடிவு பொய்யாக அழகாக வரும். ஒரு வங்கியின் சோதனை அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த விவரத்தைத்தான்.

வேறொரு வங்கியின் எண்களை அப்படியே கடன் வாங்குவது கூடாது. துண்டின் அளவோ கரைப்பானோ பாத்திரமோ மாறினால் சோதனையும் புதிதாக நடக்க வேண்டும்.

இந்த முறை எதற்கு ஒத்துவராது?

கருவிழி, இதய வால்வு, உயிர்ச் செல்கள் தேவைப்படும் குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு இது கூடாது. அமிலம் செல்களை விட்டுவைக்காது. முழங்கால் தசைநாருக்குப் பதிலாக வைக்கும் தசைநாண்களிலும் தயக்கம் வேண்டும். செம்மறியாடுகளில் செய்த சோதனையில், இப்படிப் பக்குவப்படுத்திய தசைநாண் ஒட்டுகள் உடம்போடு கலந்து மறுசீரமைவது தாமதமானது, வலுவும் குறைவாக இருந்தது. பஞ்செலும்புத் துண்டுகளுக்கும் எலும்புத் தூளுக்கும் இது பொருத்தம். பெரிய பாரம் தாங்கும் மூட்டுக்குத் தசைநாண் கேட்டால் வேறு முறையைப் பார்ப்பது நல்லது.

பிரியான் நோயையும் இது தீர்க்காது. பிரியான் வைரஸே இல்லை, மடிப்பு மாறிப்போன ஒரு புரதம். இறந்தவர்களின் மூளை உறையிலிருந்து செய்த ஒட்டு ஒன்றின் வழியாகக் கிராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் என்ற, மூளையை அழிக்கும் பிரியான் நோய் பரவியது 1987-ல் முதன்முதலாகப் பதிவானது. ஜப்பானில் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். அந்த ஒட்டுகள் கதிர்வீச்சுக் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதாம். அதன்பிறகு அந்த ஒட்டின் தயாரிப்பில், 1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் (காஸ்டிக் சோடா) ஒரு மணி நேரம் ஊறவைக்கும் படி சேர்க்கப்பட்டது. படி 1-ல் மூளை நோயைப் பற்றி அத்தனை அழுத்திக் கேட்கச் சொன்னது இதனால்தான்.

சிறிய மருத்துவமனைகளுக்கு ஒரு வார்த்தை. ரசாயனக் கூடம் அமைக்க வசதியில்லாமல், உயிருள்ளவர்களின் தொடை எலும்புத் தலையை மட்டும் சேமிக்க விரும்பினால், வெப்பம் தரும் கருவிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் வந்த மார்பர்க் முறை, எலும்பின் நடுப்பகுதியில் 82.5 டிகிரி வெப்பத்தைக் குறைந்தது 15 நிமிடம் நிலைநிறுத்துகிறது. அரைகுறையாக அமிலம் கலப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 8: வெளியே அனுப்புவதும் தொடர்வதும்

ரத்த முடிவு, கிருமிச் சோதனை, டைட்ரேஷன் எண், அழுத்த வரைபடம், நேரம், எச்சச் சோதனை ஆகிய எல்லாத் தாள்களையும், அந்தத் தொகுதியில் வேலை செய்யாத ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எலும்பு அலமாரியிலேயே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை நாள் குறித்துவிட்டார்கள் என்ற நெருக்கடிக்காக விதியைத் தளர்த்தக்கூடாது.

இந்தியாவில் 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-ல் திருத்தப்பட்டு, திசுக்களும் அதற்குள் வந்துவிட்டன. திசு வங்கிக்குப் பதிவு கட்டாயம். எலும்பு வாங்கும் மருத்துவர் அந்தப் பதிவுச் சான்றையும் வைரஸ் சோதனை அறிக்கையின் சுருக்கத்தையும் கேட்டுப் பார்க்கலாம். நல்ல வங்கி தயங்காமல் காட்டும்.

அறுவை அரங்கில், உறையோடு வரும் ஒட்டுச்சீட்டில் ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுங்கள். இன்னொன்றை, யாருக்கு, எந்த இடத்தில், என்றைக்கு வைக்கப்பட்டது என்று நிரப்பி வங்கிக்குத் திருப்பி அனுப்புங்கள். பயன்படாமல் வீசிய துண்டுக்கும் இதே விதிதான். நோயாளிக்குப் பின்னாளில் விளக்கமில்லாத மஞ்சள் காமாலையோ தொற்றோ வந்தால், ஒரே கொடையாளரிடமிருந்து எலும்பு பெற்ற மற்றவர்களை அந்தச் சீட்டை வைத்தே தேட முடியும். ஐரோப்பிய விதிப்படி இந்தப் பதிவுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.